படிக்கிறவளும் எண்ணுகிறவளும்

வேலை ஒன்று, அழைப்புக் கடிதம் இரண்டு. இரண்டும் ஒரே வீட்டுத் தபால் பெட்டியில் விழுந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் "வேலை அண்ணிக்கா, நாத்தனாருக்கா?" என்று கேட்டு எழுதியவர்கள் ஏராளம். எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியுமா என்ன? அவர்கள் பின்னாலேயே நடந்துதான் நானும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு தடவை. அண்ணியும் நாத்தனாரும் பதினான்கு வருடம் ஒரே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை பார்த்தவர்கள். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் கட்டி, கொதிநீராவியில் கிருமி நீக்கி மேலே அனுப்பும் அறை. ஐந்து மாதத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டது. அண்ணி ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் தராசு. நாத்தனாருக்கு யோசனையும் பேச்சும் ஒன்றாகத்தான் கிளம்பும். அவள் பட்டாசு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் தராசின் கணவர், பட்டாசின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்.

லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஆகவே இருபது வருடமாக அவர் எல்லா மாடிக்கும் படியேறித்தான் போயிருக்கிறார். இப்போது வலது முழங்கால் 'போதும்டா சாமி' என்று சொல்லிவிட்டது. இந்த வருடத்தோடு அவரை உட்கார வைத்துவிட வேண்டும், அதற்குத் தனக்கு வேலை வேண்டும் என்பது தராசின் கணக்கு.

பட்டாசுக்கு வேறு கவலை. பதினொரு வருடத்துக்கு முன் புருஷன் வேண்டாம் என்று கைக்குழந்தையோடு வந்து மாடி அறையில் ஏறியவள் அவள். வேலை இருந்தவரை அதை "என் ரூம்" என்பாள். இந்த ஐந்து மாதமாக "அண்ணன் வீட்டு மாடி" என்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாய் தானாக மாற்றிக்கொண்டுவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் மெக்கானிக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்றைக்குத்தான் நேர்முகத் தேர்வு.

காலை ஏழரை. சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கின் மூக்கில் படிக்கிற கண்ணாடி, கையில் ஒரு ஸ்பூன்.

"சொல்லுங்க, உங்களை எடுத்தா எங்களுக்கு என்ன பிரயோஜனம்?" குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டார்.

"பதினாலு வருஷமா நாங்க…" என்று தராசு ஆரம்பித்தாள்.

டங்! மேஜையில் ஸ்பூனைத் தட்டினார். "நாங்க இல்ல. நான்."

"நான்… ஒரு நாளைக்கு முப்பது தட்டு கட்டியிருக்கேன். நாங்க கட்டின தட்டுல…"

டங்!

"அண்ணா, அந்த ஸ்பூனைக் கீழ வை. தலை வலிக்குது," என்றாள் பட்டாசு. "நான் சொல்றேன் பாரு. வேகமாச் செய்வேன், சுத்தமாச் செய்வேன், ஒரு நாள் லீவு போட மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா…"

டங்! இந்தத் தடவை பட்டாசே சிரித்துவிட்டாள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வேலையே அப்படி. ஒருத்தி பட்டியலைப் படிப்பாள், இன்னொருத்தி கருவியைத் தொட்டு எண்ணிச் சொல்வாள். "வளைஞ்ச கிளாம்ப்?" "ஆறு." படித்தவள் ரத்தக்குழாயைப் பிடிக்கிற அந்த இடுக்கிக்கு நேராக டிக் போடுவாள். கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்து. தானே படித்துத் தானே எண்ணினால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. படிக்கிறவள் எண்ணுகிறவளின் முகத்தைப் பார்க்கக் கூடாது. தட்டைத்தான் பார்க்க வேண்டும். பழகின முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

தராசு படிக்கிறவள். பட்டாசு எண்ணுகிறவள். பதினான்கு வருடம் இப்படி வேலை பார்த்தவர்களிடம் திடீரென்று 'நான்' கேட்டால் எங்கே போவார்கள்?

கிளம்பும்போது மெக்கானிக் வாசலில் நின்றார். "நல்லபடியாப் பண்ணுங்க," என்றார்.

"என்னண்ணா, திடீர்னு மரியாதை?"

"மரியாதை இல்ல. ரெண்டு பேர் இருக்கீங்களே."

"இடம் ஒண்ணுதாண்ணா."

மெக்கானிக் என்னவோ சொல்ல வந்து மென்று முழுங்கினார். கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார். யாருக்கு வாழ்த்துச் சொன்னாலும் இன்னொருத்தருக்குச் சொல்லாமல் விட்டதாகும் என்று அவருக்குத் தெரியும்.

புது ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மடியில் ஒரே மாதிரி ஃபைல். முதலில் பட்டாசை அழைத்தார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க 'நான்'னு மட்டும் சொல்லிடுங்க அண்ணி. மத்ததெல்லாம் பாத்துக்கலாம்."

அதற்குள் தராசின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி ஒருவர், டை கட்டியிருந்தார். அவர் பக்கத்தில், ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும். வெட்டிய நகம், கையில் ஒரு மோதிரம்கூடக் கிடையாது. அந்தக் கையைப் பார்த்ததும் தராசுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அதிகாரிதான் ஆரம்பித்தார். "இப்ப எல்லாத்துக்கும் மிஷின் வந்தாச்சு. கருவி மேல ஒரு குறி இருக்கு, ஸ்கேன் பண்ணினா எண்ணிக்கை திரைல வந்துடும். அப்புறம் உங்களுக்குன்னு என்ன மதிப்பு இருக்கு?"

கேள்வியில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. எல்லாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். தராசு வழக்கம்போல் எடை போட ஆரம்பித்தாள்.

"கத்தரி இருக்கான்னு மிஷின் சொல்லும் சார். வெட்டுமான்னு சொல்லாது," என்றாள் கடைசியில். "நான் ஒவ்வொரு கத்தரியாலயும் மெல்லிசுத் துணில ஒரு வெட்டு வெட்டிப் பாப்பேன். நுனி வரைக்கும் வெட்டணும். நுனில துணி மடிஞ்சுதுன்னா அதை அனுப்ப மாட்டேன். கிளாம்ப்பைப் பூட்டி வெளிச்சத்துக்கு நேராப் பிடிப்பேன். பல்லுக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது ரத்தக்குழாயைப் பிடிக்காது."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, அதனால எங்களுக்கு என்ன?" அதிகாரி விடவில்லை.

"ஒண்ணும் நடக்காது சார்."

"என்னது?"

"ஒண்ணும் நடக்காது. அதுதான் எங்க… என் வேலை. மேல ஆபரேஷன் பண்றவங்க நாள் முழுக்க என்னைப் பத்தி ஒரு தடவைகூட நினைக்கலேன்னா, அன்னிக்கு நான் ஒழுங்கா வேலை பாத்திருக்கேன்னு அர்த்தம்."

அதிகாரி எழுத வேண்டிய கட்டத்தைத் தேடினார். 'ஒன்றும் நடக்காது' என்பதற்கு அவருடைய தாளில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

இப்போது சிஸ்டர் ஒரு காகிதத்தை முன்னால் நகர்த்தினாள். பார்த்ததும் தராசின் முகத்தில் ஈயாடவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் பழைய ஆஸ்பத்திரி கொடுத்த எச்சரிக்கைக் கடிதம். பணிப் பதிவேட்டோடு சேர்ந்தே வந்திருந்தது.

"தியேட்டருக்குப் போன தட்டுல ஆறு கிளாம்ப் இருக்கணும், அஞ்சுதான் இருந்துது. 'இருவரின் கவனக்குறைவு'ன்னு போட்டிருக்காங்க. எனக்கு இந்த 'இருவர்' வேண்டாம். யார் செஞ்ச தப்பு அது?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் இதற்குத் தராசு எடை போடவே இல்லை.

"நான்," என்றாள்.

சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "உங்களுக்கு முன்னாடி வந்த உங்க வீட்டு அந்தம்மா 'நாங்க, நாங்க'ன்னே பேசினாங்க, உங்களுக்கும் 'எங்க'ன்னுதான் வாய் வருது. இதுக்கு மட்டும் அந்தம்மாவும் 'நான்'னாங்க. நீங்களும் 'நான்'ங்கறீங்க."

அதிகாரி சந்தோஷமாகச் சிரித்தார். "நல்ல குடும்பம்!"

"சிரிக்கிற விஷயம் இல்ல சார்," என்றாள் சிஸ்டர். "இதுல ஒருத்தர் இன்னொருத்தருக்காகப் பொய் சொல்றாங்க. வீட்டுல அது பாசம். என் அறைல அப்படி ஒருத்தர் பொய் சொன்னா, ஒரு கிளாம்ப் யார் வயித்துலயாவது கிடக்கும். எனக்கு நல்லவங்க வேண்டாம்மா. நடந்ததை நடந்தபடி சொல்றவங்க போதும். அந்தம்மாவையும் உள்ள கூப்பிடுங்க."

பட்டாசு வந்து நின்றாள். இரண்டு பேரில் யாருக்கும் வேலை கிடைக்காது என்பது அந்த நிமிடத்தில் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்திக்காக ஒருத்தி தலையைக் கொடுக்கப் போய், இரண்டு தலையும் உருளப் போகிறது.

"எண்ணினது நான்தான் சிஸ்டர்," என்று பட்டாசு முந்திக்கொண்டாள். "அஞ்சை ஆறுன்னேன். அண்ணி பாவம், நான் சொன்னதுக்கு டிக் போட்டாங்க. அவங்க மேல ஒண்ணுமில்ல. என்னால அவங்களுக்கும் கெட்ட பேரு."

தராசு ஜன்னலைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னால் ஆஸ்பத்திரி வேலை போகாமல் இருக்கலாம், வீட்டில் வேறு ஒன்று போகும். சொல்லாவிட்டால் நாத்தனார் சொன்னதே உண்மையாக நின்றுவிடும். அவளுக்கு வேலையும் கிடைக்காது, தப்பும் அவள் பெயரிலேயே தங்கிவிடும்.

"அவ சொன்னது நெசம்," என்றாள். "நான் சொன்னதும் நெசம். அன்னிக்குக் காலைலதான் இவ குழந்தையையும் ஒரு பெட்டியையும் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. லீவு போடுன்னோம், கேக்கல. நான் 'வளைஞ்ச கிளாம்ப்'னு படிச்சேன். இவ ஆறுன்னா. நான் தட்டைப் பாக்கல சிஸ்டர். இவ முகத்தைப் பாத்துட்டிருந்தேன். கண்ணு எங்கயோ இருந்துது. இவ எண்ணலேன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது."

பட்டாசு திரும்பினாள்.

"'திருப்பி எண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொன்னா அங்கயே உடைஞ்சு அழுதுடுவாளோன்னு பயந்து டிக் போட்டுட்டேன். எண்ணாதது அவ தப்பு. தெரிஞ்சும் விட்டது என் தப்பு. என்னுதுதான் பெரிசு. ஏன்னா அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"நோயாளிக்கு?" சிஸ்டர் கேட்டாள்.

"சின்னக் குழந்தை. கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே மேல எண்ணிப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டாங்க. வேற தட்டு வர்ற வரைக்கும் அரை மணி நேரம் மயக்கத்துல படுத்திருந்துது. ஒண்ணும் ஆகல. அந்த அரை மணி நேரம் இன்னும் எனக்கு முடியல."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இதுல எது உண்மைன்னு எழுதறது?"

"ரெண்டும்," என்றாள் சிஸ்டர்.

வேலை விவரம் அச்சடித்த தாளை எடுத்து, 'பணியிடம்: ஒன்று' என்ற வரியின் மேல் பேனா முனையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "இடம் ஒண்ணுதான். மேல பேசணும். சாயங்காலத்துக்குள்ள போன் வரும். போங்க."

பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று நிறுத்தம் வரை பட்டாசு பேசவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததாக நினைவில்லை.

"பதினோரு வருஷம்," என்றாள் கடைசியில். "என் தப்பை நீங்க சுமந்தீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன் அண்ணி. நீங்க எது சொன்னாலும் சரின்னு தலையாட்டினேன். ஒரு நாள் உங்களை எதிர்த்துப் பேசினதில்ல. ஊரையெல்லாம் வெடிக்கிறவ, உங்ககிட்ட மட்டும் நமுத்துப் போய்க் கெடந்தேன். எதுக்கு? நீங்க செஞ்ச உபகாரத்துக்கு!"

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

தராசு எடை போட்டாள். நல்லதாக ஒரு பதில் கைவசம் இருந்தது. 'நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வந்த வாய், அவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

"நீ என்னை நல்லவளா நெனச்சது எனக்குப் பிடிச்சிருந்துது," என்றாள்.

பட்டாசு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. பஸ் அவளைக் கடந்து போனபோது தராசு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். தராசுக்கு அழுகை வந்தது. பக்கத்துக் காலி இடத்தில் ஃபைலை வைத்துவிட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒருத்தி கீழே, ஒருத்தி மாடியில். மதியம் முழுக்கப் படிக்கட்டில் காலடிச் சத்தமே இல்லை. போனுக்காகக் காத்திருக்கலாம் என்றால், அந்தப் போனும் வீட்டில் இல்லை. இங்கேதான் இந்த வீட்டுப் பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். அடித்தள அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் பதினான்கு வருடமாக இவர்களுக்கு எந்தச் செய்தி வந்தாலும் மெக்கானிக்கின் போனுக்குத்தான் வரும். பழக்க தோஷம், விண்ணப்பத்திலும் இரண்டு பேரும் அவருடைய நம்பரையே எழுதிவிட்டார்கள். ஒருத்தி எழுதியது இன்னொருத்திக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு மெக்கானிக் மூச்சு வாங்க வந்தார். கருவிப் பையைக்கூட இறக்காமல், "ஏய், கீழ வா!" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பட்டாசு வந்து கடைசிப் படியில் நின்றுகொண்டாள்.

"போன் வந்துது. எட்டாவது மாடில லிஃப்ட் பெட்டி மேல நிக்கிறேன், சோதனை ஓட்டம். எடுத்தேன். ஒரு லேடி. 'உங்க வீட்லேர்ந்து இன்னிக்கு வந்தவங்களைத் திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க'ன்னாங்க. அதுக்குள்ள லிஃப்ட் கீழ இறங்கிடுச்சு. லைன் கட்."

"'வந்தவங்களை'ன்னா?" என்றாள் தராசு.

"வந்தவங்களைன்னாங்க."

"மரியாதைக்கு 'வந்தவங்க'ளா? ரெண்டு பேர் 'வந்தவங்க'ளா?"

"அதைத்தான் எட்டு மாடி இறங்கற வரைக்கும் யோசிச்சேன். பஸ்லயும் யோசிச்சேன்."

"திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?" படியிலிருந்து பட்டாசு.

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "கேட்டா ஒரு பேரைச் சொல்லிடுவாங்களே," என்றார். "கேக்காத வரைக்கும் ரெண்டு பேருக்கும் கிடைச்ச மாதிரிதானே இருக்கு."

மேஜையில் காலையில் வைத்த ஸ்பூன் அப்படியே கிடந்தது.

பட்டாசு இறங்கி வந்தாள். அண்ணன் கையிலிருந்த போனை வாங்கினாள். மேஜை நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, வந்த நம்பரைத் தொட்டாள். மணி போக ஆரம்பித்தது. தராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டதா இல்லையா என்று அந்த முகத்தில் தேடினாள்.

"என் முகத்தைப் பாக்காதீங்க அண்ணி," என்றாள் பட்டாசு. குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் அண்ணி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அதில்தான் உட்கார்ந்தாள். "போனைப் பாருங்க."

தராசு போனைப் பார்த்தாள்.

"ஹலோ, யார் பேசறது?" சிஸ்டரின் குரல்.

'நாங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மெக்கானிக்கின் கை ஸ்பூனைத் தேடிப் போனது. பட்டாசு வாயை மூடி, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். அவள் எடை போட்டதை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன்.

"எண்ணுறவ பேசறேன் சிஸ்டர். படிக்கிறவங்க பக்கத்துல இருக்காங்க." மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திங்கட்கிழமை வரச் சொன்னது ஒருத்தரையா, ரெண்டு பேரையா? உள்ளபடி சொல்லுங்க. இந்தத் தடவை நான் சரியா எண்ணிக்கறேன்."